இதய வால்வில் கிருமியின் முத்திரை: மூலக்கூறுச் சோதனை பற்றி ஒரு மதிப்பீடு

இதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். இரத்தத்தை ஒரு திசையில் போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் கதவுகள் அவை. தடுக்கிதழ் என்று நூல்களில் எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோர் வாயிலும் வழங்கும் 'வால்வு' என்ற சொல்லையே நாமும் வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடும் இந்த மெல்லிய இதழ்களில் பாக்டீரியா குடியேறிவிட்டால் உண்டாகும் நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர். கிருமிகளும் உறைந்த இரத்தப் பொருள்களும் சேர்ந்து வால்வின்மீது காலிபிளவர் பூவைப் போலத் தடித்து வளர்கின்றன. வால்வு இதழுக்குள் இரத்த நாளங்கள் மிகக் குறைவு. ஆகவே உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் அங்கே போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. தடிப்பின் துணுக்கு ஒன்று உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்; வால்வு இதழ் கிழிந்தால் இதயம் தளர்ந்துவிடும். இத்தனை மருந்துகள் வந்த பின்பும், இந்நோயோடு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களில் 100-க்கு 15 முதல் 30 பேர் வரை அங்கேயே இறந்துபோகிறார்கள்.

இந்நோயில் கிருமியின் பெயரைத் தெரிந்துகொள்வது வெறும் அறிவு வேட்கைக்காக அன்று. சாதாரண ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் நான்கு வாரப் பென்சிலின் ஊசி பெரும்பாலும் போதும். செயற்கை வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் பல மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரமாவது கொடுக்கவேண்டும். ஆடு மாடுகளிடமிருந்து வரும் காக்சியெல்லா என்ற 'கியூ' காய்ச்சல் கிருமியாக இருந்தால், முற்றிலும் வேறான மாத்திரைகளை ஒன்றரை ஆண்டு, செயற்கை வால்வாயின் இரண்டு ஆண்டு விழுங்கவேண்டும். பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. கிருமியைப் புட்டியில் வளர்த்துப் பார்க்கும் முறை பழசாகிவிட்டது. வால்வில் ஒரு துணுக்கை எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்தால் குற்றவாளி யார் என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். இனிமேல் எல்லாம் மூலக்கூறுச் சோதனைதான் என்பது அந்தப் பேச்சு. இதில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், பழசு என்று தள்ளப்படும் முறையைப் பார்ப்போம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னரே, கையில் வெவ்வேறு இடங்களில் குத்தி, குறைந்தது மூன்று தடவை இரத்தம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு புட்டிகள். புட்டிக்குச் சுமார் 10 மில்லி லிட்டர். ஆக மொத்தம் 60 மில்லி லிட்டர் இரத்தம் ஊட்டக் குழம்பில் கலந்து, உடற்சூட்டில் வைக்கப்படுகிறது. உள்ளே ஒரே ஒரு பாக்டீரியா இருந்தாலும் அது பெருகிக் கரியமில வாயுவை விடும். கருவி அதைக் கண்டு மணியடிக்கும். இதில் இரண்டு நன்மைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, கையில் கிடைப்பது உயிருள்ள கிருமி. எந்த மருந்து அதை எவ்வளவு குறைந்த அளவில் அடக்குகிறது என்று நேரடியாகச் சோதிக்கலாம். மற்றொன்று, சோதனை மூன்று தடவை நடக்கிறது. தோலிலிருந்து தவறி விழுந்த கிருமி என்றால் ஒரு புட்டியில் மட்டும் முளைக்கும். உண்மையான குற்றவாளி எல்லாப் புட்டிகளிலும் முளைப்பான்.

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உடலில் ஓடிக்கொண்டிருந்தால் புட்டியில் ஒன்றும் முளைக்காது. பிற உயிரணுக்களுக்குள் புகுந்தே வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணக் குழம்பில் வளர்வதே இல்லை. நோய் இருப்பது தெரிந்தும் கிருமியின் பெயர் தெரியாத நோயாளிகள் நாட்டுக்கு நாடு 10-இல் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை இருக்கிறார்கள். மூலக்கூறுச் சோதனை வந்து சேர்ந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? எல்லாப் பாக்டீரியாக்களிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறை இருக்கிறது. அந்தப் பட்டறையின் ஓர் உறுப்பு 16எஸ் ஆர்.என்.ஏ. அதற்கான ஜீன் சுமார் 1500 எழுத்து நீளம். இதை ஒரு முத்திரைத்தாளாக எண்ணிக்கொள்ளுங்கள். சில பகுதிகள் அச்சிட்டவை. எல்லாப் பாக்டீரியாவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. இடையிடையே கையால் எழுதிய பகுதிகள் ஒன்பது. இவை இனத்துக்கு இனம் மாறும். இந்த மூலக்கூறை ஒப்பிட்டே உயிரினங்களின் வமிசத்தை வகுக்கலாம் என்று அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோர் 1977-இல் காட்டினர். 1983-இல் கேரி மல்லிஸ் கருதிய பாலிமரேஸ் தொடர்வினை, அதாவது பி.சி.ஆர்., 1993-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. அச்சிட்ட பகுதியில் ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. இழைகளைப் போட்டு, சூடாக்கிக் குளிரவைத்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்குவதே அம்முறை. முப்பது சுற்றில் ஒரு பிரதி 107 கோடியாகிவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டிலும் கெடாத நொதி இதற்கு வேண்டும். அது யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்தது. பெருக்கியபின், கையால் எழுதிய பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கிறது.

இந்த முறை சாதித்தவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 1907-இல் ஜார்ஜ் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் குடலைப் பாதிக்கும் ஒரு விசித்திர நோயை விவரித்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் கிருமியை எவராலும் வளர்க்க முடியவில்லை. 1990-க்குப் பின் வந்த ஆண்டுகளில் 16எஸ் ஜீனைப் படித்தே அதற்கு ஓர் அடையாளமும், டிரொஃபெரிமா என்ற பெயரும் கிடைத்தன. 1997-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் ஆய்வாளர்கள் நோயுற்ற இதய வால்வுகளை இம்முறையில் சோதித்தபோது, ஒரு வால்வில் அதே கிருமியின் முத்திரை தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் அதை நிலையாக வளர்க்க 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆளைப் பிடிக்குமுன் அடையாளம் தெரிந்துவிட்ட கதை இது.

பார்ட்டொனெல்லா குவின்டானாவின் வரலாறு இன்னும் மனத்தைத் தொடுவது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான கிருமி அது. உடற்பேன் மூலம் பரவுவது. போர் முடிந்ததும் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1990-களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வீடின்றித் தெருவில் உறங்கும் மனிதர்களின் இதய வால்வுகளில் அதைக் கண்டார்கள். சாதாரணப் புட்டியில் எளிதில் முளைக்காத கிருமி ஆதலால், இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையும் பி.சி.ஆரும் இல்லாவிட்டால் அந்த மனிதர்களின் நோய்க்குப் பெயரே கிடைத்திராது. மூலக்கூறுச் சோதனையின் சிறப்பு எது என்று கேட்டால் நான் இவ்விரண்டையுமே காட்டுவேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். பி.சி.ஆர். உயிரைக் காண்பதில்லை, எழுத்தைக் காண்கிறது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதற்கு டி.என்.ஏ.தான். 2003-இல் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நிமோகாக்கஸ் கிருமியால் வந்த வால்வு நோய் தீர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகியும், அதே கிருமியின் டி.என்.ஏ. வால்வில் இருந்தது. இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் குப்பையை அகற்றும் வேலை மெதுவாகவே நடக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. இரண்டு வாரம் மருந்து ஏறியபின் அறுவை செய்து எடுத்த வால்வில் பி.சி.ஆர். 'உண்டு' என்று சொன்னால், அதைக்கொண்டு மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது.

இது சொற்போர் அன்று. வெட்டியெடுத்த வால்வைப் புட்டியில் இட்டு உயிருள்ள கிருமி முளைத்தால், அறுவை செய்த நாளிலிருந்து மருந்துக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முளைக்காவிட்டால், பயனுள்ள மருந்து தொடங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு போகலாம் என்பது ஐரோப்பிய இதயவியலாரின் வழிகாட்டு நெறி. பி.சி.ஆர். முடிவை வளர்ப்பு முடிவு என்று பிழையாகப் படித்துவிட்டால் என்ன ஆகும்? நெஞ்சைப் பிளந்து தைத்த ஒருவர் மேலும் ஆறு வாரம் நரம்பில் ஊசியோடு படுத்திருப்பார். வான்கோமைசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஜென்டாமைசின் அதோடு காதையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு தாளில் உள்ள ஒரு சொல்லைத் தவறாகப் படிப்பதன் விலை இது.

அடுத்த குறை கலப்படம். ஒன்றை 107 கோடியாக்கும் கருவி, வேண்டாத ஒன்றையும் அதே கருணையோடு பெருக்கும். அறுவைக் கூடத்துக் காற்று, கையுறை, வால்வைப் போட்டுவைத்த உப்புநீர் ஆகிய எல்லாவற்றிலும் பாக்டீரியாவின் எச்சம் இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், சோதனைக்கு வேண்டிய நொதியையே பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள்! டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் மருந்துப் பெட்டிகளுக்குள்ளேயே பாக்டீரியா டி.என்.ஏ. இருக்கிறது என்பதையும், ஆராயும் பொருளில் கிருமி குறையக் குறைய இந்தக் குப்பையே முடிவை ஆளத் தொடங்கும் என்பதையும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2014-இல் விரிவாகக் காட்டினர்.

'சரி, தோல் கிருமி என்று வந்தால் ஒதுக்கிவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்தான் செயற்கை வால்வுகளைத் தாக்குவதில் முன்னணியில் நிற்கிறது. முகப்பருவோடு தொடர்புள்ள கியூட்டிபாக்டீரியமும் சில வேளை அவ்வாறே செய்கிறது. ஒதுக்கினால் நோயைத் தவறவிடுவோம். ஏற்றால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்போம். புட்டி முறையில் இதைத் தீர்த்து வைத்தது மூன்று தடவைச் சோதனை. வால்வோ ஒன்றுதான். ஆகவே அதை இரண்டு மூன்று துண்டுகளாக்கித் தனித்தனியே சோதித்தார்களா, வெறும் தண்ணீரைப் போட்டு உடன் ஓட்டிய சோதனை சுத்தமாக வந்ததா என்ற விவரம் அறிக்கையில் இருக்கவேண்டும். கிருமியின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, இந்த விவரங்களை விட்டுவிடும் அறிக்கையை அரை அறிக்கை என்றே சொல்லுவேன்.

பெயர் சரியாகவே வந்தாலும் அதற்கு மேல் என்ன? 16எஸ் ஜீன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸா என்று அறிய மெக்ஏ என்ற ஜீனைத் தனியே தேடலாம். ஆனால் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலினுக்கு எவ்வளவு அடங்கும் என்பது அளவைப் பொறுத்த கேள்வி. அதற்கு உயிருள்ள கிருமிதான் பதில் சொல்லும். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிசும் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கசும் இந்த ஜீனில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதால், சில வேளை பெயரே இரண்டாகத்தான் வரும்.

வால்வுக்காகக் காத்திராமல் இரத்தத்திலேயே டி.என்.ஏ.வைத் தேடினால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சை ஏறத்தாழப் பாதிப் பேருக்கே நடக்கிறது. மற்றவர்களின் வால்வு நம் கைக்கு வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்நோயில் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் பெரும்பாலும் நூறுக்கும் குறைவான பாக்டீரியாக்களே மிதக்கின்றன; சில சமயம் விரல் விட்டு எண்ணலாம். அதே ஒரு மில்லி லிட்டரில் நம் வெள்ளணுக்கள் 40 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் 600 கோடி எழுத்து மனித டி.என்.ஏ. பாக்டீரியாவுடையதோ சில பத்து லட்சம் எழுத்து. வைக்கோற்போரில் ஊசி என்ற பழமொழி இதற்குச் சிறிது. அதோடு, புட்டிகள் 60 மில்லி லிட்டரைத் தேடுகின்றன; பி.சி.ஆர். குழாய்க்குப் போவது பெரும்பாலும் ஒரு சில மில்லி லிட்டர் இரத்தத்தின் சாரமே. மருந்து தொடங்காத நோயாளியிடம் பழைய புட்டி பல வேளைகளில் புதிய குழாயை வெல்வதில் வியப்பில்லை.

இந்நோயை உறுதி செய்வதற்கான விதிகளை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1994-இல் வகுத்தனர். 2000-இல் அவை திருத்தப்பட்டன. 2023-இல் பன்னாட்டு வல்லுநர் குழு மறுபடியும் திருத்தியபோதுதான் மூலக்கூறுச் சோதனைக்கு விதிகளில் முறையான இடம் கிடைத்தது. இந்தத் திருத்தத்தைக் கூர்ந்து படித்தால் அதை எழுதியவர்களின் நிதானம் தெரிகிறது. இரத்தத்தில் செய்த பி.சி.ஆரைப் பெரிய சான்றாக ஏற்பது மூன்று கிருமிகளுக்கு மட்டுமே: காக்சியெல்லா, பார்ட்டொனெல்லா, டிரொஃபெரிமா. புட்டியில் வளர மறுப்பவை இவையே. வால்வில் ஒரே ஒரு தோல் கிருமியின் டி.என்.ஏ. மட்டும் கிடைத்து, வேறு ஆதாரம் எதுவும் இல்லையெனில் அது சிறிய சான்றுதான் என்று தனியே எழுதியிருக்கிறார்கள். மேலே நாம் பேசிய சிக்கலுக்கு இதைவிட நேர்மையான விடை இப்போதைக்கு இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வால்வுத் திசுவில் கிருமியைக் கண்டால் நோய் உறுதி என்று சொல்லும் பகுதியில், வளர்ப்பு, சாயமேற்றிப் பார்த்தல், பி.சி.ஆர். எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. நோய் இப்போது மும்முரமாக இருப்பதற்கான அறிகுறிகளும் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, அது இல்லாமலில்லை. ஆனால் அந்த நிபந்தனை விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. வார்டில் நிற்கும் இளம் டாக்டர் கையில் இருப்பது ஆய்வுக்கூடத் தாள். உயிருள்ளதைக் காட்டும் சோதனையையும் எழுத்தை மட்டும் காட்டும் சோதனையையும் படி பிரித்து எழுதியிருக்கலாம்; நோயாளி எத்தனை நாள் மருந்து எடுத்தபின் வால்வு வெட்டப்பட்டது என்பதைக் கேட்கும் ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம்.

நம் ஊர் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் இந்தியாவில் இன்றும் நிறைய இருக்கிறார்கள். செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்களும் பெருகிவிட்டார்கள். இவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் போகும் இடம் பல வேளைகளில் தெருமுனை மருந்துக் கடை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது சட்டம். 2014 முதல் சில மருந்துகளுக்குத் தனிப் பதிவேடும் வைக்கவேண்டும். ஆயினும் நான்கு மாத்திரை வாங்கி வருவது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அந்த நான்கு மாத்திரை நோயைத் தீர்க்காது. புட்டியில் கிருமி முளைப்பதை மட்டும் கெடுத்துவிடும். பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்து மூலக்கூறுச் சோதனையைத் தேடுகிறோம். வால்வுக் கோளாறு உள்ளவர் காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், 'எனக்கு வால்வில் கோளாறு உண்டு; மாத்திரைக்கு முன் இரத்தம் எடுக்கவேண்டுமா?' என்று கேட்கலாம். மூன்று தடவை இரத்தம் எடுக்க அதிக நேரம் ஆகாது.

அறுவைக் கூடத்திலும் இதே போன்ற சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. வெட்டியெடுத்த வால்வை வழக்கப்படி முழுவதுமாகப் பார்மலின் ஜாடியில் போட்டுவிட்டால், கிருமி செத்துவிடும், டி.என்.ஏ.வும் துண்டு துண்டாகச் சிதையும். அதன்பின் எத்தனை விலையுயர்ந்த கருவியிலிட்டாலும் பயன் குறைவு. ஜாடிக்கு முன்பே, சுத்தமான கத்தியால் அதைப் பிரிக்கவேண்டும்: ஒரு துண்டு வளர்ப்புக்கு, ஒரு துண்டு உறைகுளிரில் பி.சி.ஆருக்கு, மீதி பார்மலினில் நுண்ணோக்கிக்கு. நுண்ணோக்கியின் கீழ் வெள்ளணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தால் சண்டை இன்னும் நடக்கிறது என்று பொருள். ஆறிய தழும்பு மட்டுமே தெரிந்தால், பி.சி.ஆர். சொல்லும் பெயர் பழைய வழக்கின் குற்றவாளியுடையதாக இருக்கக்கூடும்.